செல்ஃப் 'டக்' என்று ஒரே சத்தம்தான், பேட்டரியும் புதுசு செல்ஃபும் வேலை பார்த்தாச்சு, வேன் மட்டும் எடுக்கவில்லை

புளியரை வேன் (ஞாயிறு இரவு 9.50)
அண்ணாச்சிமாரே, இரண்டு மாதமாக இந்த வண்டி என்னைப் படுத்துகிறது. 2006 மாடல் டீசல் வேன், பின்னால் பாக்ஸ் பாடி, 12 வோல்ட், பழைய மெக்கானிக்கல் பம்ப், கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் கிடையாது. பாவூர்சத்திரம் சந்தையில் காய் ஏற்றி, செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறி, ஆரியங்காவு, தென்மலை தாண்டிப் புனலூரில் இறக்குவேன். காலையில் வீட்டு வாசலில் பெரும்பாலும் எடுத்துவிடும். எஸ் வளைவு ஏறி கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவில் டீ குடிக்க நிறுத்தினால் முடிந்தது கதை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. தள்ளினால் அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

பேட்டரி புதுசு போட்டேன், ஆறு வாரம் ஆகிறது. செல்ஃபை, அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரை, இறக்கி கார்பன் பிரஷ், புஷ், அதன் மேலே இருக்கும் மின்காந்த சுவிட்ச்சான சொலினாய்டு எல்லாம் மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி அதே கதை. இப்போது உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சரும் போய்விட்டது, புது செல்ஃபே போடு என்கிறார்கள். அதற்குக் கையில் காசில்லை, இருந்தாலும் நம்பிக்கையில்லை. இதற்குச் சம்பந்தமில்லாமல் ஆக்சிலேட்டர் கேபிள் வேறு இரண்டு முறை இறுகிப்போய் மாற்றியிருக்கிறேன், செலவுக்கு மேல் செலவு. போன வியாழக்கிழமை கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்குப் பக்கத்தில் மழையில் நின்றுவிட்டேன். வெண்டைக்காயும் முருங்கைக்காயும் உள்ளே, தள்ள ஆள் இல்லை. இனி எங்கே நிறுத்தினாலும் இன்ஜினை அணைப்பதே இல்லை என்று ஆகிவிட்டது, டீசல் வீணாகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை தம்பி (ஞாயிறு இரவு 10.15)
அண்ணாச்சி, புது பேட்டரி என்பதால் நல்ல பேட்டரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடையில் ஆறு மாதம் சும்மா கிடந்து சல்ஃபேட் உப்பு படிந்ததை நம் தலையில் கட்டுவதும் உண்டு. ராத்திரி நிறுத்தி வைத்துவிட்டு காலையில் சாவி போடுவதற்கு முன் வோல்ட் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் எதையும் சோதிக்க வேண்டாம். டெர்மினல் கிளாம்ப்பைக் கழற்றி உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தீர்களா? வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே கறுத்த படலம் இருக்கும்.

கம்பம்மெட்டு ஜீப் (ஞாயிறு இரவு 10.40)
எனக்கும் இப்படித்தான் வந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி, காலை ஐந்தரைக்கு எடுக்கவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. சாவி சுவிட்ச் தேய்ந்திருந்தது, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு கறுத்து செல்ஃபுக்குப் போகிற சின்ன ஒயரில் வோல்ட் குறைந்துவிட்டது. நடுவில் ஒரு ரிலே (சின்னக் கரண்டில் இயங்கும் சுவிட்ச்) போட்டதும் சரியாகிவிட்டது. நீங்களும் சுவிட்ச்சைப் பாருங்கள். அவசரத்துக்கு ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃபின் பெரிய போல்ட்டையும் சின்ன முனையையும் சேர்த்துத் தொட்டால் சுற்றும், சுவிட்ச் கோளாறா செல்ஃப் கோளாறா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை எலக்ட்ரீசியன் (திங்கள் காலை 6.30)
புளியரை அண்ணே, இனி ஒரு ரூபாய்க்குக்கூட சாமான் வாங்காதீர்கள். வாங்கியது போதும், முதலில் அளந்து பார்ப்போம்.

ஜீப் அண்ணே சொன்ன ஸ்க்ரூ டிரைவர் வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கியரில் கிடக்கும் வண்டி, ஆள் முன்னால் நிற்கிறான் என்று பார்க்காது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் அப்படி ஒரு பையனின் கால் சுவரோடு நசுங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தவிர, 'டக்' என்ற சத்தம் செல்ஃபின் மேலே இருக்கும் சொலினாய்டிலிருந்து வருகிறது என்றால் சாவி சுவிட்ச் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சுவிட்ச் பலவீனமாக இருந்தால் சத்தமே வராது, அல்லது 'டக டக' என்று துடிக்கும். துடிப்பு பேட்டரி இறங்கினாலும் வரும்.

இரண்டு கேள்வி. சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் போட்டு வைத்தால் வெளிச்சம் என்ன ஆகிறது, அணைகிறதா, மங்குகிறதா, அப்படியே நிற்கிறதா? அடுத்து, வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டுப் பார்த்தீர்களா?

புளியரை வேன் (திங்கள் பகல் 1.20)
லைட் அப்படியே நிற்கிறது தம்பி, கொஞ்சமும் மங்கவில்லை. சுவரில் அடித்துப் பார்த்தேன். காலையில் பேட்டரி 12.4 காட்டியது.

ஜம்பர் இரண்டு முறை போட்டேன். முதல் முறை ஆரியங்காவில் ஒரு ஜீப்காரர் போட்டார், மலையாளி. சேட்டன் கறுப்பு ஒயரை என் பேட்டரியில் மாட்டாமல் இன்ஜின் மேலே இருக்கும் கொக்கியில் மாட்டினார், சாவி தொட்டதும் எடுத்துவிட்டது. இரண்டாம் முறை நானே என் மச்சான் வண்டியிலிருந்து பேட்டரிக்குப் பேட்டரி மாட்டினேன், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. அசையவில்லை. ஜீப் பேட்டரி கனமானது, அதனால்தான் எடுத்தது என்று நினைத்தேன்.

எர்த்தையும், அதாவது இன்ஜினிலிருந்து கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற பாதையையும், பார்த்துவிட்டேன். பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் மீட்டரை பீப் சத்தத்தில் வைத்தால் நன்றாகக் கத்துகிறது. எர்த்தில் குறை இல்லை.

களியக்காவிளை பழைய மெக்கானிக் (திங்கள் மாலை 4.05)
தம்பி, அந்த ஆக்சிலேட்டர் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லும். இறுகியது என்றால் துருப்பிடித்து இறுகியதா, அல்லது உள்ளே பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டதா? கழற்றிய கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டீரா, இருக்கிறதா? அப்புறம் கடைசியாக எஃப்சி, அந்தத் தகுதிச் சான்று, எப்போது எடுத்தீர்?

புளியரை வேன் (திங்கள் மாலை 5.30)
பழைய கேபிள் டூல்ஸ் பெட்டியிலேயே கிடந்தது அண்ணாச்சி. நீங்கள் கேட்டதும் எடுத்து வளைத்துப் பார்த்தேன். மேலுறை ஒரு சாண் நீளத்துக்குக் குமிழ் குமிழாகப் பொங்கியிருக்கிறது, உள்ளே இருக்கும் வெள்ளைக் குழாய் உருகிக் கம்பியோடு ஒட்டிக்கிடக்கிறது. சைலன்ஸர் சூடு பட்டிருக்கும் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் கேபிள் போகிற பக்கம் சைலன்ஸர் இல்லை, இப்போதுதான் அது உறைக்கிறது.

எஃப்சி எடுத்து இரண்டரை மாதம். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள், அடியில் வெல்டிங் வேலையும் கொஞ்சம் இருந்தது.

களியக்காவிளை பழைய மெக்கானிக் (திங்கள் மாலை 5.45)
உம்முடைய செல்ஃபுக்கு எர்த்து ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத்தான் போகிறது. நாற்பது வருஷத்தில் இதை ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். மீட்டர் வைத்திருக்கிற தம்பி எண்ணில் காட்டட்டும், நான் கையால் தடவிச் சொல்லுகிறவன்.

கொழிஞ்சாம்பாறை எலக்ட்ரீசியன் (திங்கள் இரவு 8.10)
மெக்கானிக் ஐயா சொன்னதுதான், எனக்கும் அந்த ஜீப் சேட்டன் கதையிலேயே பொறி தட்டியது. கறுப்பு ஒயர் இன்ஜினைத் தொட்டால் எடுக்கிறது, பேட்டரியைத் தொட்டால் எடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பாதைதான் உடைந்திருக்கிறது.

பீப் சத்தத்தை இந்த இடத்தில் நம்பாதீர்கள். மீட்டர் பீப் அடிக்கும்போது ஓடுகிற கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான், அதற்கு ஒரே ஒரு செம்புக் கம்பி இழை போதும். இந்த அளவு டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃபுக்கு 200 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். நூறில் ஒரு பங்கு ஓம் தடை என்றால் மீட்டரில் ஒன்றுமே தெரியாது, ஆனால் 200 ஆம்பியர் ஓடும்போது அது 2 வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் லோடு ஓடுகிற நேரத்தில் வோல்ட்தான் பார்க்க வேண்டும், ஓம் பார்த்துப் பயனில்லை.

நாளைக்குச் செய்ய வேண்டியது. வண்டி நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கல். பம்பில் டீசலை அடைக்கிற ஸ்டாப் சொலினாய்டின் ஒயரைக் கழற்றிவிடுங்கள், அப்போதுதான் சுற்றினாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. முதலில் பேட்டரியின் இரண்டு ஈய முனைகளுக்கும் நடுவில் பாருங்கள், கிளாம்ப்பில் வைக்காமல் ஈயத்திலேயே முள்ளை வைக்க வேண்டும். அப்புறம் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் செல்ஃப் பாடிக்கும். கடைசியாக செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் அதன் பாடிக்கும். பாசிட்டிவ் பக்கம் 0.5-க்குள்ளும் நெகட்டிவ் பக்கம் 0.2-க்குள்ளும் இருந்தால் ஒயரிங் சரி. அதற்கு மேல் போனால் அந்தப் பக்கம்தான் ஆள் ஒளிந்திருக்கிறான்.

புளியரை வேன் (செவ்வாய் இரவு 8.45)
மகனைச் சாவியில் உட்கார வைத்துவிட்டு நான் கீழே படுத்தேன். கையோடு தாளில் எழுதியது இது: பேட்டரி முனைகளில் 12.1, பாசிட்டிவ் பக்கம் 0.4, செல்ஃபுக்குக் கிடைப்பது 3.9, நெகட்டிவ் பக்கம் 7.8. கூட்டிப் பார்த்தால் சரியாக 12.1 வருகிறது. எட்டாம் வகுப்பு படிக்கிற மகனுக்கே புரிந்துவிட்டது.

அப்புறம் நெகட்டிவ் பக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸ் வரை 0.1தான். சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு 7.7.

இருட்டிய பிறகு இன்னொரு முறை சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு டார்ச்சை ஆக்சிலேட்டர் கேபிள் பக்கம் பிடித்தேன். மூன்றாவது விநாடியில் மேலுறை வேர்த்தது போல மினுங்கியது, நான்காவது விநாடியில் பம்ப் ஓரத்திலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை எழுந்தது. போதும் போதும் என்று கத்திவிட்டேன். புதுக் கேபிள், மாற்றி பதினெட்டு நாள்தான் ஆகிறது.

கம்பம்மெட்டு ஜீப் (செவ்வாய் இரவு 9.00)
அடேயப்பா. அப்படியென்றால் மலை ஏறின பிறகு மட்டும் ஏன் எடுக்கவில்லை, காலையில் எப்படி எடுத்தது?

கொழிஞ்சாம்பாறை எலக்ட்ரீசியன் (செவ்வாய் இரவு 9.25)
சூடான கம்பியின் தடை கூடும், சூடான செல்ஃபின் சுருளிலும் தடை கூடி அதன் வலு குறையும். காலையில் மயிரிழையில் தப்பிப்பது, மலை ஏறிய பிறகு தப்பாது. இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த்து பட்டையின் போல்ட் மரை வழியாகக் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருக்கும், வண்டி குலுங்கக் குலுங்க அதுவும் விட்டுப்போகும். லைட் மங்காததற்கும் இதுதான் காரணம். லைட்டுக்கு எர்த்து சேஸிஸில் இருக்கிறது, பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட் வெளியேறவே இல்லை, பின்னே எப்படி மங்கும்?

அண்ணே, இன்னொரு சோதனை. தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட விட்டு, பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவின் பெரிய போல்ட்டுக்கும் டைனமோ பாடிக்கும் வோல்ட் பாருங்கள், அப்புறம் பேட்டரி முனைகளில் பாருங்கள். டைனமோ இன்ஜினோடு பிடித்திருப்பது, அதற்கும் இதே பாதைதான்.

களியக்காவிளை பழைய மெக்கானிக் (செவ்வாய் இரவு 9.40)
வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தாலே டைனமோ நிலவரம் தெரியுமே. நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

கொழிஞ்சாம்பாறை எலக்ட்ரீசியன் (செவ்வாய் இரவு 10.05)
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதை மட்டும் செய்ய வேண்டாம். கட்-அவுட் பெட்டி வைத்த பழைய டைனமோவுக்கு அது தாங்கும். இப்போது நாம் டைனமோ என்று சொல்வதெல்லாம் ஆல்டர்னேட்டர்தான், உள்ளே டயோடும் ரெகுலேட்டரும் இருக்கின்றன. பேட்டரிதான் அதன் துள்ளலை அடக்கி வைத்திருக்கிறது. ஓட்டத்தில் பேட்டரியைப் பிரித்தால் வோல்ட் ஒரு கணம் எங்கோ ஏறிவிடும், டயோடு போகும், ஸ்டீரியோ போகும்.

களியக்காவிளை பழைய மெக்கானிக் (செவ்வாய் இரவு 10.20)
கோபம் என்ன தம்பி. டயோடு போனதற்கு டைனமோவைக் குறை சொன்ன வண்டிகள் சில இப்போது ஞாபகத்துக்கு வருகின்றன. இனி மீட்டரே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

புளியரை வேன் (புதன் காலை 10.10)
டைனமோவில் 14.3, பேட்டரியில் 13.2. ஒரு வோல்ட்டுக்கு மேல் நடுவில் போகிறது. பழைய பேட்டரி சீக்கிரம் செத்ததும் இதனால்தானா?

கொழிஞ்சாம்பாறை எலக்ட்ரீசியன் (புதன் காலை 10.30)
எஃப்சிக்கு முன்பே அது செத்திருந்தால் வேறு காரணம். இந்தப் புது பேட்டரி 12.4-லேயே நிற்பதற்கு இதுதான் காரணம். ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால்தான் முழுதாக ஏறும்.

இனி வேலை இதுதான். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஓரத்திலோ இன்ஜின் மவுன்ட் பக்கத்திலோ சேஸிஸுக்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று போகும், அதன் இரண்டு முனையையும் கழற்றுங்கள். பெயின்டை வயர் பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்க்க வேண்டும், ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய வட்டமாக. பட்டை கறுத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் பூச வேண்டும், நடுவில் பூசக்கூடாது. முடிந்தால் 35 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிளில் இரு முனையிலும் லக் (போல்ட்டில் மாட்டுகிற வளையம்) அடித்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக செல்ஃப் பிடிக்கிற போல்ட்டுக்கே ஒன்று போட்டுவிடுங்கள். லக்கைப் பிரஸ்ஸில் அடிக்கச் சொல்லுங்கள், சுத்தியலால் தட்டுகிற கடை வேண்டாம்.

புளியரை வேன் (வியாழன் இரவு 9.15)
பட்டையைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது, மேலே பூசிய பெயின்ட்டில் சேஸிஸோடு சேஸிஸாகக் கறுத்துக் கிடந்தது. வெல்டிங் வேலைக்காகக் கழற்றியவர்கள், பெயின்ட் காய்ந்த பிறகு அதன் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றியதும் லக்கின் அச்சு பெயின்ட்டில் வட்டமாகப் பதிந்திருந்தது, வட்டத்துக்குள்ளே இரும்பே தெரியவில்லை. போல்ட் மரையில் மட்டும் இரண்டு பற்கள் கருகி நீலம் பாய்ந்திருந்தன. செல்ஃபுக்கு இத்தனை நாள் கிடைத்த எர்த்து அந்த இரண்டு பல்லும் ஆக்சிலேட்டர் கேபிளும்தான்.

தேய்த்து மாட்டினேன், தென்காசியில் வெல்டிங் கேபிளும் வாங்கிப் போட்டேன். சாவி தொட்டதும் வண்டி எடுத்த வேகத்தில் மகன் பயந்துவிட்டான். நெகட்டிவ் பக்கம் இப்போது 0.1. ஆனால் ஒரு சந்தேகம் தம்பி. முன்பு சாவி திருப்பும்போது பேட்டரி 12.1-ல் நின்றது, இப்போது 10.4-க்கு இறங்குகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

கொழிஞ்சாம்பாறை எலக்ட்ரீசியன் (வியாழன் இரவு 9.30)
இல்லை அண்ணே, சந்தோஷப்படுங்கள். இப்போதுதான் அது முதன்முறையாக வேலை செய்கிறது. முன்பு கரண்ட் போக வழியில்லாததால் வோல்ட் இறங்கவில்லை. சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால்தான் கவலை. அந்த ஆக்சிலேட்டர் கேபிளையும் மாற்றிவிடுங்கள். ஒரு முறை உருகியது மலை இறக்கத்தில் இறுகி நின்றால் ஆபத்து.

கம்பம்மெட்டு ஜீப் (வெள்ளி காலை 7.00)
இதையெல்லாம் படித்துவிட்டு நானும் அளந்து பார்த்தேன், எர்த்து 0.15, நிம்மதி. சாவி திருப்பினால் சத்தமே வராத வண்டிக்கு எங்கே தொடங்க வேண்டும்? அண்ணன் மகன் வண்டி அப்படி நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறை எலக்ட்ரீசியன் (வெள்ளி காலை 7.20)
21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து, ஒரு முனை எர்த்தில், மறு முனை செல்ஃபின் சின்ன முனையில். சாவியைத் திருப்பும்போது பளிச்சென்று எரிந்தால் சொலினாய்டு, மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ மேலே சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ் என்று போக வேண்டும். எல்இடி டெஸ்டர் வேண்டாம், அது கால் ஆம்பியர்கூட இழுக்காது, சுவிட்ச் தேய்ந்திருந்தாலும் நன்றாகவே எரிந்து ஏமாற்றும். நன்றாகச் சுற்றியும் பிடிக்காத டீசல் என்றால் அது தனிக் கதை. சாவி ஆன் செய்ததும் பம்பில் ஸ்டாப் சொலினாய்டு 'டிக்' என்று சொல்கிறதா என்று முதலில் காது கொடுங்கள்.

கம்பம்மெட்டு ஜீப் (வெள்ளி மாலை 6.30)
மங்கல். சுவிட்ச்தான். ரிலே போட்டாயிற்று.

புளியரை வேன் (அடுத்த வியாழன் இரவு 10.00)
ஒரு வாரம் ஆறு டிரிப், நான்கு நாள் நல்ல மழை. காலையில் பேட்டரி 12.6 காட்டுகிறது. கேபிளும் மாற்றிவிட்டேன், கையால் தொட்டால் சூடே இல்லை. இன்று ஆரியங்காவில் அதே டீக்கடையில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். கடைக்காரர் வெளியே வந்து, 'எந்தா சேட்டா, ஆஃப் ஆக்கியோ?' என்று கேட்டு, பழக்க தோஷத்தில் தள்ளுவதற்கு இரண்டு பேரைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்களுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.